வீட்டோடு மாப்பிள்ளை விண்டோஸ்

விண்டோஸுக்கு 25 எழுத்தில் ஒரு சாவி உண்டு. ஐந்தைந்தாகப் பிரித்து நடுவில் கோடு போட்டிருக்கும். அதை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூட அதில் இருக்காது. ஏ கிடையாது, ஈ கிடையாது. ஐ, ஓ, யு எதுவும் கிடையாது. பூஜ்யம், ஒன்று, ஐந்து ஆகிய எண்களுக்கும் அனுமதி இல்லை. பூஜ்யத்தை ஓ என்றும் ஒன்றை ஐ என்றும் படித்து யாரும் குழம்பாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயிரெழுத்தே இல்லாத ஒரு சமாசாரம் மனிதர் உயிரை எப்படி எடுக்கும் என்பதை, கம்ப்யூட்டரில் போர்டு மாற்றியவர்களைக் கேட்டால் கண்ணில் ஜலத்தோடு சொல்வார்கள்.

இந்த வாரம் அந்தச் சாவியின் கதை. பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன ஜோலி என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். நான் பில்லைத் திறந்து பார்ப்பேன். இந்த வியாதிக்கு மூலகாரணம் பெரும்பாலும் பில்லில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் விண்டோஸ் ரொம்ப வெள்ளந்தி. 1995 ஆகஸ்ட் 24-ம் தேதி விண்டோஸ் 95 வெளிவந்தது. கடையில் வாங்கிய பெட்டியோடு வந்த எண்ணில் மூன்று இலக்கம், ஒரு கோடு, அப்புறம் ஏழு இலக்கம். அந்த ஏழு இலக்கங்களையும் கூட்டி, தொகை ஏழால் மீதியில்லாமல் வகுபட்டால் சரி, உள்ளே வரலாம். முக்கியமான சோதனை அவ்வளவுதான். வரிசையாக ஏழு ஒன்று போட்டால்கூடக் கூட்டுத்தொகை ஏழு, கதவு திறந்துவிடும். டூரிங் டாக்கீஸ் வாசலில் தாத்தா டிக்கெட் கிழிப்பாரே, கலர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து! அந்த ரகம்.

தாத்தா 2001 அக்டோபர் 25-ம் தேதி ரிட்டயர் ஆனார். அன்றைக்கு விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தது. கூடவே 'ஆக்டிவேஷன்' என்ற புது உத்தியோகஸ்தரும் வந்து சேர்ந்தார். சாவி சரியாக இருந்தால் மட்டும் போதாது. 30 நாளைக்குள் மைக்ரோஸாஃப்டுக்குச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சாவி எந்தப் பெட்டிக்குள் போயிற்று என்பதையும் அவர் குறித்துக்கொள்வார். எப்படி? கம்ப்யூட்டரின் பத்து பாகங்களை அடையாளம் பார்த்து. ஹார்ட் டிஸ்க், ராம், சி.டி. டிரைவ், பிராஸஸர், டிஸ்ப்ளே கார்டு, நெட்வொர்க் கார்டு என்று பட்டியல் போகும்.

அப்புறம் நீங்கள் ஏதாவது பாகத்தை மாற்றினால் தேர்தல் நடக்கும். நெட்வொர்க் கார்டு கட்சி மாறாமல் இருந்தால், மற்றவற்றில் ஆறு மாறினால்தான் மறுபடி அனுமதி கேட்க வேண்டும். நெட்வொர்க் கார்டே மாறிவிட்டதா? அதையும் சேர்த்து நாலு மாறினாலே போதும், ஆட்சி கவிழ்ந்தது. வார்டு கவுன்சிலர் எல்லாருக்கும் ஓட்டு ஒன்று, சேர்மனுக்கு மட்டும் மூன்று என்பது போலக் கணக்கு.

பிற்பாடு வந்த விண்டோஸ்களில் சேர்மன் பதவி மதர்போர்டுக்குப் போய்விட்டது. ராம் சேர்க்கலாம், டிஸ்க் மாற்றலாம், பெரிதாக ஒன்றும் சொல்லாது. மதர்போர்டை மாற்றினால் மட்டும், 'ஐயா, தங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, ஆனால் ஞாபகம் வரவில்லை' என்று கைவிரித்துவிடும். எங்கள் திருப்பாச்சூர் வாசீஸ்வரர் மூங்கில் காட்டில் வாச்சியால் வெட்டுப்பட்ட தழும்போடு கிடைத்தவர் என்பது தலபுராணம். தழும்பு இருந்தாலும் சாமி அதே சாமிதான் என்று இத்தனை நூற்றாண்டாக ஊர் நம்புகிறது. விண்டோஸுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இண்டர்நெட் வழியாக ஆக்டிவேட் ஆகாதவர்களுக்கு டெலிபோன் மார்க்கம் ஒன்று வைத்திருந்தார்கள். விண்டோஸ் 10 திரையில் ஏழேழாக ஒன்பது கூட்டம், மொத்தம் 63 இலக்கம் காட்டும். அத்தனையையும் போனில் ஒப்பிக்க வேண்டும். பதிலுக்கு அந்தப் பக்கத்துக் குரல் ஆறாறாக எட்டுக் கூட்டம், மொத்தம் 48 இலக்கம் சொல்லும். அதை நாம் எழுதிக்கொண்டு தட்ட வேண்டும். சின்ன வயசில் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்காமல் தப்பித்தவர்களைக் கடவுள் இப்படித் தேடிப் பிடித்தார்.

*

இனி காக்களூருக்கு வாருங்கள்.

திருவள்ளூரை ஒட்டியுள்ள அந்தத் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சின்னதாக பிரஸ் ஷாப் வைத்திருக்கிறார். தகட்டை அடித்து பிராக்கெட் பண்ணுகிற வேலை. ஏழு பேர் வேலை செய்கிறார்கள். ஆபீஸ் ரூமில் 2013-ல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மேலே ஒரு கோட் சந்தனம் ஏறி, பெட்டியின் அசல் கலர் என்ன என்று யாருக்கும் தெரியாது. கணக்கு எழுதுகிற டாலி, ஜி.எஸ்.டி., லாரிக்கு ஈ-வே பில் எல்லாம் அதில்தான்.

2025 நவம்பர் மழையில் ஒரு நாள் இடி. கரண்ட் ஏறி இறங்கியதில் மதர்போர்டு மோட்சம் அடைந்தது. சர்வீஸ் பையன் வந்து எங்கிருந்தோ ஒரு பழைய போர்டைக் கொண்டுவந்து மாட்டினான். சி டிரைவை ஃபார்மட் பண்ணி விண்டோஸ் 10 ஏற்றினான். (அதற்கு முந்தின மாதம், அக்டோபர் 14-ம் தேதியோடு, விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுபோயிருந்தன என்பது வேறு விஷயம்.) டி டிரைவில் கணக்கு பத்திரமாக இருந்தது. அண்ணன் கற்பூரம் காட்டாத குறை.

சந்தோஷம் பத்து நிமிஷம். திரையின் வலது மூலையில் 'விண்டோஸை ஆக்டிவேட் செய்க' என்று வெளிறிய எழுத்துகள், ஆவி மாதிரி. எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. டாலியைத் திறந்தால், லைசென்ஸ் காணோம் என்று 'எஜுகேஷனல் மோடு'க்குப் போயிருந்தது. அது மாணவர்களுக்கான ஏற்பாடு. அதில் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்குத்தான் கணக்கு எழுத முடியும். பி.காம். படித்தவர்களுக்கு இது பால்ய நண்பன். பிரஸ் ஷாப் முதலாளிக்கு இது இடி நம்பர் இரண்டு.

"இன்னா தம்பி, மாசத்துல மூணு நாள்தான் வியாபாரம் பண்ணணுமாமே?" என்று அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

அன்றைக்குத் தேதி 18. ஜி.எஸ்.டி.ஆர்.-3பி போடக் கடைசி நாள் 20. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. இதற்கு மேல் இன்னொரு தலைவலியும் மேஜையில் இருந்தது. அவர் சரக்கு அனுப்புகிற பெரிய கம்பெனியிலிருந்து ஒரு படிவம். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, பி.எஃப். கட்டுகிறீர்களா என்ற கேள்விகளோடு 17-வது கேள்வி: 'உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எல்லா மென்பொருளுக்கும் முறையான உரிமம் உள்ளதா? பில் நகல் இணைக்கவும்.' மாதாமாதம் ஏழு பேருக்குச் சம்பளம் வருவது அந்தக் கம்பெனி ஆர்டரில்தான்.

சர்வீஸ் பையன் வழி சொன்னான்: "நானூறு ரூபா குடுங்கண்ணா, கீ போட்டுடறேன். லைஃப் டைம்."

"யாரு லைஃப்டா? உன்னுதா, என்னுதா, கம்ப்யூட்டருதா?"

பையன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. "திருட்டுச் சாமான் எனக்கு எதுக்குப்பா? நான் 2013-லயே காசு குடுத்து ஒரிஜினல் வாங்கினவன்."

அந்த வாக்கியத்தில் இருந்த கம்பீரம் எனக்குப் பிடித்திருந்தது. "பில் இருக்காண்ணா?" என்றேன்.

இருந்தது! பீரோவில், பாலிதீன் கவருக்குள், மடிப்புக் கலையாமல். அண்ணன் அப்படிப்பட்ட மனுஷர். வாங்கிப் பார்த்தேன். கடைப் பெயர், பிள்ளையார் சுழி, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது', அதற்கு நடுவில் ஒரே ஒரு வரி: 'கம்ப்யூட்டர் - 1 செட்.'

அவ்வளவுதான். விண்டோஸ் என்ற சொல்லே இல்லை. அது எந்த விண்டோஸ், எந்த ரக லைசென்ஸ், சாவி எது, ஒன்றும் இல்லை. "எல்லாம் சேத்துத்தான் சார்னு சொன்னான் தம்பி" என்றார் அண்ணன். சொன்னவர் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணி மணக்கிறது. பெட்டியில் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருந்ததா என்றால் சந்தனத்துக்கே வெளிச்சம். டிஸ்கில் ஏதாவது தடயம் இருந்திருந்தாலும் ஃபார்மட்டில் போயிற்று. பன்னிரண்டு வருஷம் ஒரிஜினல் என்று நம்பி ஓட்டியது ஒரிஜினல்தானா என்று சொல்ல உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை.

அதே கவரில் இன்னொரு பில் இருந்தது. டாலி பில். அதில் சீரியல் நம்பர் இருந்தது, பதிவு செய்த ஈமெயில் இருந்தது. அதை வைத்து அரை மணி நேரத்தில் லைசென்ஸைப் புது போர்டில் உயிர்ப்பித்தாயிற்று. மாதத்துக்கு மறுபடி முப்பது நாள் வந்தது. 20-ம் தேதி சாயங்காலமே, மொபைலுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு, 3பி போயேபோயிற்று.

ஒரே மேஜை, ஒரே இடி, ஒரே முதலாளி. பில்லில் பெயர் இருந்தது பிழைத்தது. பில்லில் பெயர் இல்லாதது அனாதையாயிற்று.

*

கொஞ்சம் லைசென்ஸ் புராணம். ஆபீஸில் உங்களுக்கும் பயன்படும்.

முதலில் ஓர் உண்மையை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் விண்டோஸை வாங்குவதில்லை. திருவள்ளூர்-சென்ட்ரல் சீசன் டிக்கெட் எடுப்பவர் ரயிலை வாங்குவதில்லை அல்லவா? ஏறிப் போக அனுமதி வாங்குகிறார். அந்த அனுமதியில் மூன்று முக்கிய ஜாதி உண்டு.

ஒன்று, ஓ.இ.எம். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவது. இது வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாடு, படுக்கை எல்லாம் அந்த ஒரு வீட்டில்தான். மாப்பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்ப முடியாது. வீடு இடிந்தால் மாப்பிள்ளை கதையும் முடிந்தது. இங்கே வீடு என்பது மதர்போர்டு. வாரண்டியில் கம்பெனிக்காரனே பழுதான போர்டுக்குப் பதில் வேறு போர்டு வைத்தால் பிழைப்பார். நாமாகத் தெருவில் வாங்கி மாட்டினால் சந்தேகம். முன்பெல்லாம் பெட்டியின் முதுகில் ஸ்டிக்கராக இருந்தவர், 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, பிராண்டட் கம்ப்யூட்டர்களில் போர்டுக்குள்ளேயே குடியேறிவிட்டார். ஆனால் பெட்டியை முழுசாக இன்னொருவருக்கு விற்றால் மாப்பிள்ளையும் கூடவே போவார். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இரண்டு, ரீடெயில். கடையில் தனியாகக் காசு கொடுத்து வாங்குவது. இது தனிக்குடித்தனம். வீடு மாற்றினால் கட்டில், குக்கர், குத்துவிளக்கோடு புது வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு வீட்டில் குடித்தனம் நடத்தக் கூடாது. (சட்டம் விண்டோஸுக்கும் அதையேதான் சொல்கிறது.) விலை அதிகம், அந்தச் சுதந்திரத்துக்குத்தான் அந்த விலை.

மூன்று, வால்யூம். பெரிய கம்பெனிகள் மொத்தமாக எடுப்பது. இது கேன்டீன் டோக்கன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். டோக்கன் கம்பெனியுடையது. உள்ளே வேலை செய்பவர் சாப்பிடலாம். கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்று கூவி விற்கக் கூடாது.

இப்போது நானூறு ரூபாய் 'லைஃப் டைம்' சாவியைப் பாருங்கள். அசல் விலையில் சின்னத் துணுக்குக்கு அது எப்படி வருகிறது? மந்திரம் ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது வெளியே கசிந்த கேன்டீன் டோக்கன்; இல்லையென்றால் வேறு வீட்டிலிருந்து பிரித்த மாப்பிள்ளை. போட்டவுடன் வேலை செய்யும், ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று பச்சைக்கொடியும் காட்டும். நூறு டோக்கனுக்கு முந்நூறு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று கேன்டீன்காரர் கணக்குப் பார்க்கிற அன்றைக்கு, இலையில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடுவார்கள். அது நாளைக்கா, இரண்டு வருஷம் கழித்தா, தெரியாது. 'ஆக்டிவேட் ஆனது' வேறு, 'உரிமை உண்டு' வேறு. பூட்டு திறந்துவிட்டது என்பதற்காக வீடு உங்களுடையது ஆகிவிடுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு உண்டு. 1994-ல் செய்த திருத்தத்தில் வந்தது. உரிமம் மீறிய நகல் என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை உபயோகித்தால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால், கோர்ட் தக்க காரணம் எழுதி, சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். 'தெரிந்தே' என்ற சொல்லைக் கவனியுங்கள். பன்னிரண்டு வருஷம் அண்ணனுக்குத் தெரியாது. நானூறு ரூபாயை நீட்டியிருந்தால் அந்த நிமிஷத்திலிருந்து தெரியும். தவிர, பிரஸ் ஷாப் வியாபாரம்தான். இல்லை என்று சாதிக்க முடியாது.

காசு கொடுத்து யோக்கியமாக வாங்கியவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்களா என்றால், அதுவும் முழுசாக இல்லை. 2007 ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் மைக்ரோஸாஃப்ட் சர்வரில் ஊழியர் ஒருவர் செய்த தவறால் சுமார் 19 மணி நேரம், ஒழுங்காகக் காசு கொடுத்த சிலரை 'உன்னுடையது போலி' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவை 12,000 கம்ப்யூட்டருக்கும் குறைவு என்று கம்பெனி பிற்பாடு சொன்னது. 2018 நவம்பர் 8-ம் தேதி இன்னொரு கூத்து: விண்டோஸ் 10 ப்ரோ வாங்கியவர்கள் சிலரிடம், 'உங்களிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ்தான்' என்று அடம் பிடித்தது. பிறகு சரி செய்தார்கள். டிக்கெட் எடுத்தவனையும் டி.டி.ஆர். இறக்கிவிடும் நாள் உண்டு. அப்போது கையில் டிக்கெட் இருந்தால் சண்டையாவது போடலாம். அதற்காகவும்தான் பில்.

*

'இந்த வம்பே வேண்டாம், லினக்ஸ் போடுங்கள் ஸார்' என்று ஒரு நண்பர் எழுந்து நிற்பது தெரிகிறது. உட்காருங்கள், நானும் அதற்குத்தான் வருகிறேன்.

நம் தமிழக அரசாங்கமே இந்தப் பாதையில் நடந்து பார்த்திருக்கிறது. 2007 வாக்கில் எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் அந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, 'பாஸ்' என்கிற லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்; சி-டாக் நிறுவனம் தயாரித்தது. 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோஸாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசு தன் துறைகளையெல்லாம் இந்த பாஸுக்கு மாறச் சொன்னது. லைசென்ஸ் காசு இல்லை, சாவி இல்லை, 25 எழுத்து இல்லை, மூலையில் ஆவி இல்லை.

அண்ணனுக்கும் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. தளமும் ஈ-வே பில் தளமும் பிரவுசரில் ஓடுகிறவை, லினக்ஸில் திறக்கும். லெட்டர் அடிக்கலாம், மெயில் பார்க்கலாம். முட்டுக்கட்டை டாலி. அது விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. அவருக்குக் கணக்கு எழுத வரும் பெண்ணுக்கு டாலிதான் கைப்பழக்கம். சாவிக்காக மாப்பிள்ளையை மாற்றலாம்; மாப்பிள்ளைக்காகக் குடும்பத்தையே மாற்ற முடியுமா? டாலி இல்லாத வீடுகளில், பையன் படிக்கவும் பாட்டு கேட்கவும் இருக்கிற பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் முதல் தரமான யோசனை. அவசியம் செய்யுங்கள்.

விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அங்கே வாசலில் இன்னொரு காவல்காரர். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இண்டெல் பிராஸஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏழு தலைமுறைக்குச் சொத்து சேர்த்தார்கள். ஒரு தலைமுறை குறைந்துவிட்டது பாருங்கள்! அண்ணனுக்கு மாட்டிய பழைய போர்டு நாலாம் தலைமுறை. புதுசாக ரீடெயில் லைசென்ஸ் வாங்கிப் போட்டாலும் 11-க்கு முறைப்படி ஏற முடியாது.

ஆகவே என்ன செய்தோம்? பெரிய ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய பிராண்டட் கம்ப்யூட்டர்களைத் துடைத்து, சோதித்து விற்கிற கடைகள் உண்டு. அப்படி ஒன்றில் எட்டாம் தலைமுறைப் பெட்டி ஒன்றை எடுத்தோம். அதன் போர்டுக்குள்ளேயே மாப்பிள்ளை இருந்தார். பெட்டியோடு வந்தார், இண்டர்நெட்டில் சேர்த்ததும் தானே ஆக்டிவேட் ஆனார், செலவில்லாமல் 11-க்கும் ஏறிக்கொண்டார். மேலே சொன்ன ஞாபக வரி இதற்குத்தான்.

வாங்கும்போது அண்ணன் கடைக்காரரிடம் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: "பில்லுல எத்தினி வரி போடுவே?"

கடைக்காரர் முழித்தார். அண்ணன் விடவில்லை. முதல் வரி, கம்ப்யூட்டர் - மாடல், சீரியல் நம்பர். இரண்டாம் வரி, விண்டோஸ் 11 ப்ரோ, ஓ.இ.எம். லைசென்ஸ், பெட்டியோடு சேர்ந்தது. மூன்றாம் வரி, மானிட்டர். பேனாவை வாங்கித் தானே எழுதாததுதான் பாக்கி.

*

கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு முன்னால் உங்களுக்கும் நாலு வார்த்தை.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று இடைவெளி இல்லாமல் அடித்து (ஆமாம், கடைசியில் எம்.ஜி.ஆர். இருக்கிறார், மறக்கவே மறக்காது), ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். உங்களுடையது ஓ.இ.எம்.மா, ரீடெயிலா, வால்யூமா என்று அதுவே சொல்லும். வீட்டில் சொந்தக் காசில் வாங்கிய கம்ப்யூட்டர் 'வால்யூம்' என்று பதில் சொன்னால், விற்றவரைப் போய்ப் பாருங்கள், அவர் பிரியாணிக்கு மாறுவதற்கு முன்.

போர்டு மாற்றப் போகிறீர்கள் என்றால், பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே விண்டோஸ் லைசென்ஸை உங்கள் மைக்ரோஸாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். 2016-லிருந்து இந்த வசதி இருக்கிறது. 'நான் இப்போதுதான் பாகம் மாற்றினேன்' என்று பிறகு முறையிட அதுதான் சாட்சி. டாலி போன்றவற்றில் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டு ஃபார்மட் போடுங்கள். பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்த பிறகு இதெல்லாம் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.

'பழைய விண்டோஸ் 7 சாவியைப் போட்டால் 10 எடுத்துக்கொள்ளும், என் மச்சான் செய்தான்' என்று யாராவது சொன்னால், மச்சான் 2023-க்கு முன் செய்திருப்பார். இலவச மாற்றம் 2016 ஜூலை 29-ம் தேதியே அதிகாரபூர்வமாக முடிந்தது. அதன் பிறகும் திறந்திருந்த கொல்லைப்புறக் கதவை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

விண்டோஸ் 10-லேயே இருக்கிறவர்களுக்கு: வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்று அறிவித்தார்கள். கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கு அது காசு. முதல் வருஷம் பெட்டிக்கு 61 டாலர், வருஷா வருஷம் இரட்டிப்பு. இது வாடகைதானே தவிர வீடு அல்ல. அதற்குள் ஜாகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, 'கம்ப்யூட்டர் - 1 செட்' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் 'பையன் - 1' என்று போட்டால் ஒப்புக்கொள்வோமா?

பெரிய கம்பெனியின் 17-வது கேள்விக்கு அண்ணன் 'ஆம்' என்று எழுதி, இரண்டு பில் நகலை இணைத்து அனுப்பினார். ஆர்டர் தொடர்கிறது. அந்த மாதம் ஏழு பேருக்கும் சம்பளம் ஒன்றாம் தேதியே கிடைத்தது. சந்தனம் அப்பிய பழைய பெட்டி மூலையில் இருக்கிறது. சர்வீஸ் பையன் அதில் லினக்ஸ் ஏற்றப் பழகிக்கொண்டிருக்கிறான். நானூறு ரூபாய்ச் சாவி விற்பதைவிட அதில் சம்பாத்தியம் குறைவு, ஆனால் யாரும் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பதில்லை என்கிறான்.